தனியாக ஆடும் விளையாட்டுக்கு எதற்கு இணையம்?

ஒரு வீடியோ கேமைப் பணம் கொடுத்து வாங்கி, கணினியிலோ கன்சோலிலோ (டிவியோடு இணைத்து ஆடும் கேம் கருவி) முழுவதுமாக ஏற்றி முடித்த பிறகும், அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இணையம் இருந்தே தீர வேண்டும் என்று சில நிறுவனங்கள் நிபந்தனை வைக்கின்றன. விளையாடுவோரிடையே இதற்கு 'ஆல்வேஸ் ஆன்லைன்' என்று பெயர். நான்கு பேர் நான்கு ஊர்களிலிருந்து சேர்ந்து ஆடும் விளையாட்டுக்கு இணையம் தேவை என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் தம் அறையில் தனியாக உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டும் வைஃபை நின்றவுடன் நின்றுபோவது ஏன், அந்த நிபந்தனையால் யாருக்கு என்ன லாபம், வாங்குகிறவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை, இத்துறைக்குப் புதியவர்களுக்கும் பிள்ளைகளுக்குக் கேம் வாங்கித் தரும் பெற்றோருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன். இணையத்தில் பணம் வைத்து ஆடும் ரம்மி, போக்கர் முதலியவற்றை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்திருக்கிறது; அவை இந்தக் கட்டுரைக்குள் வரவில்லை.

எந்த வேலைக்கு நெட்?

சென்னை ரிச்சி தெருவில் கேம் டிஸ்க் விற்கும் கடை ஒன்றில் மாலை வேளையில் சற்று நின்றால், இப்படியொரு பேச்சு காதில் விழும். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கல்லூரி மாணவர், "அண்ணா, இதுக்கு நெட் வேணுமா?" என்று கேட்பார். "டவுன்லோடுக்குத்தான் தம்பி, ஒருவாட்டி போட்டா போதும்" என்பார் கடைக்காரர். பெரும்பாலான டிஸ்குகளுக்கு அந்தப் பதில் சரிதான். எல்லாவற்றுக்கும் சரியல்ல என்பதும், வேறுபாட்டைச் சொல்லும் ஒரே வரி உறையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது என்பதும்தான் சிக்கல்.

இணையம் தேவைப்படுவதில் பல நிலைகள் உண்டு. முதல் நிலை, கேமை இறக்கிக்கொள்வதற்கு மட்டும் இணையம் தேவைப்படுவது. டிஸ்க் வாங்கினாலும் இது தவிர்க்க முடியாததாகிக்கொண்டு வருகிறது. 2022 இல் வந்த கால் ஆஃப் டியூட்டி விளையாட்டின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்கில் இருந்தது 100 எம்.பி.க்கும் குறைவான தரவுதான். மீதமுள்ள பல பத்து ஜி.பி.யை வாங்கியவரே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 2025 இல் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு விற்கப்படும் 'கேம் கீ கார்டு' என்பதிலும் விளையாட்டு இருப்பதில்லை, அதை இறக்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே இருக்கிறது. நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் ரீசார்ஜை நம்பி ஹாட்ஸ்பாட்டில் காலம் தள்ளும் விடுதி மாணவருக்கு இதுவே பெரிய தடை. என்றாலும், ஒருமுறை இறங்கிவிட்டால் அது அவர் கையில் இருக்கும்.

அடுத்த நிலை, வாங்கியவர் நீங்கள்தானா என்று சரிபார்ப்பதற்காக எப்போதாவது ஒருமுறை இணையத்தைக் கேட்பது. ஸ்டீம் என்னும் இணையக் கடையில் வாங்கும் கேம்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. இணையத்தில் ஒருமுறை திறந்துவிட்டுப் பிறகு ஆஃப்லைன் முறையில் ஆடலாம். இந்தச் சரிபார்ப்பு எத்தனை நாளுக்கொருமுறை என்பதில்தான் தகராறே தொடங்குகிறது. 2013 மே மாதம் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிமுகப்படுத்திய மைக்ரோசாஃப்ட், அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொட வேண்டும், இல்லையேல் கேம் ஓடாது என்றது. இணைய வசதி இல்லாதவர்களுக்கு எங்களிடம் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற பழைய கன்சோல் இருக்கிறதே என்று எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த டான் மேட்ரிக் பேட்டியில் சொன்னதும், எதிர்ப்பு இன்னும் வலுத்தது. ஜூன் 19 ஆம் தேதி நிறுவனம் அந்த நிபந்தனையை முழுதாகக் கைவிட்டது. வாங்குவோரின் கோபம் ஒரு பெரிய நிறுவனத்தின் திட்டத்தை ஒரே மாதத்தில் புரட்டிப் போட்ட அந்த நிகழ்வை இத்துறையில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

மூன்றாவது நிலைதான் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னது. விளையாட்டின் எல்லாப் பகுதிகளும் உங்கள் கணினியிலேயே இருக்கும். ஆனால் நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அது நிறுவனத்தின் சர்வரோடு, அதாவது இணையம் வழியாக எட்டும் அவர்களுடைய மையக் கணினியோடு, பேசிக்கொண்டே இருக்கும். திறந்தவுடன் உங்கள் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பும். சர்வர் அதைச் சரிபார்த்து, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செல்லும் அடையாளக் குறியீடு ஒன்றைத் திருப்பி அனுப்பும். அதன்பின் சில நொடிகளுக்கோ நிமிடங்களுக்கோ ஒருமுறை 'இருக்கிறேன்' என்று கேம் சொல்ல, 'சரி, தொடரலாம்' என்று சர்வர் பதில் தர வேண்டும். அந்தப் பதில் வராவிட்டால் ஆட்டம் நிற்கும். 2010 இல் யூபிசாஃப்ட் நிறுவனம் அசாசின்ஸ் க்ரீட் 2 விளையாட்டின் கணினிப் பதிப்பில் இம்முறையைக் கொண்டுவந்தது. வெளிவந்த சூட்டோடு சூடாக, அந்த ஆண்டு மார்ச்சில் யாரோ அதன் சர்வர்கள் மீது தாக்குதல் தொடுக்க, பணம் கொடுத்து வாங்கியவர்களில் பலரால் ஆட முடியாமல் போனது.

நான்காவது நிலையில், விளையாட்டின் ஒரு பகுதியே சர்வரில்தான் இருக்கும். எதிரி எங்கே நிற்கிறான், அவனை வீழ்த்தினால் என்ன பொருள் கிடைக்கும் என்பதையெல்லாம் உங்கள் கணினி முடிவு செய்யாது. சர்வர் முடிவு செய்து அனுப்ப, உங்கள் கணினி அதைப் படமாகக் காட்டும். பப்ஜி போன்ற பலர் ஆடும் விளையாட்டுகளுக்கு இது இயல்பான அமைப்பு. யாராவது ஒருவருடைய போனில் இந்தக் கணக்கீட்டை வைத்துக்கொண்டால் அவர் அதைத் திருத்தி ஏமாற்றிவிடலாம் என்பதால், பொதுவான ஓரிடத்தில் வைப்பதே முறை. அந்தச் சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் செல்லும் கேபிளின் நீளம் 3,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது என்பதால், போய்த் திரும்ப மட்டும் குறைந்தது 30 மில்லிநொடி ஆகும். எவ்வளவு விலை உயர்ந்த இணைப்பு வைத்திருந்தாலும் அந்த 30 ஐக் குறைக்க முடியாது. 'பிங்' என்று பிள்ளைகள் சொல்லும் எண், இப்படிப் போய்த் திரும்ப ஆகும் மொத்த நேரம்தான்.

ஆக, நெட் வேண்டுமா என்று மட்டும் கேட்பது போதாது. அந்த நெட் என்ன வேலை செய்கிறது, விளையாட்டுக்காகச் செய்கிறதா நிறுவனத்துக்காகச் செய்கிறதா என்று கேட்க வேண்டும். இத்துறையில் பதினைந்து ஆண்டுகளாக நடந்துவரும் சண்டைகளை எல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கொண்டு புரிந்துகொள்ளலாம் என்பது என் கருத்து.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்கள்

முதல் காரணம் பைரசி, அதாவது திருட்டுப் பதிப்பு. பர்மா பஜாரில் கிராக் செய்த (பூட்டை உடைத்த) கேம் டிஸ்குகள் கூவி விற்கப்பட்ட காலத்தை அறிந்த சென்னைவாசிகள், இக்காரணத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பல ஆண்டு உழைப்பு, வெளிவந்த வாரத்திலேயே சில பத்து ரூபாய்க்குத் தெருவில் கிடைத்தால் எந்த நிறுவனமும் தற்காப்பு தேடத்தான் செய்யும். ஆனால் அந்தத் தற்காப்பின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கிராக் செய்தவருடைய பதிப்பில் சரிபார்ப்பு நீக்கப்பட்டிருக்கும். அவருக்கு இணையம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். முழு விலை கொடுத்தவர்தான் சர்வர் எழுந்திருக்கும்வரை காத்திருக்கிறார். நேர்மையாக வாங்கியவருக்குத் திருட்டுப் பதிப்பைவிடக் குறைந்த வசதியைத் தருவது எந்த வணிகத்திலும் நியாயமாகாது.

இரண்டாவது காரணம் ஏமாற்று வேலையைத் தடுப்பது. 2012 மே 15 அன்று வெளிவந்த டயாப்லோ 3 விளையாட்டைத் தனியாக ஆடினாலும் இணையம் கட்டாயம் என்று பிளிஸார்ட் நிறுவனம் விதித்தது. ஆட்டத்தில் கிடைக்கும் வாள்களையும் கவசங்களையும் உண்மைப் பணத்துக்கு விற்கும் ஏலக்கூடம் அதற்குள் இருந்ததால், போலிப் பொருள்கள் நுழையாமல் காக்கச் சர்வரே எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும் என்ற வாதம் ஓரளவு பொருளுடையதுதான். வெளியான நாளில் சர்வர்கள் திணற, 'பிழை 37' என்ற அறிவிப்பு உலகெங்கும் திரைகளில் நின்றது. கவனிக்க வேண்டிய செய்தி அதற்குப் பின் வந்தது. 2013 செப்டம்பரில் இதே விளையாட்டு கன்சோல்களுக்கு வந்தபோது அங்கே ஏலக்கூடமும் இல்லை, இணைய நிபந்தனையும் இல்லை. நெட் இல்லாமலே ஆட முடிந்தது. 2014 மார்ச்சில் கணினிப் பதிப்பின் ஏலக்கூடமும் மூடப்பட்டது. நிபந்தனை மட்டும் கணினியில் தொடர்ந்தது.

சிம்சிட்டியின் கதை இதைவிடத் தெளிவானது. நகரம் ஒன்றைக் கட்டி, சாலை போட்டு, தண்ணீர் இணைப்பும் மின்சாரமும் கொடுத்து நிர்வகிக்கும் விளையாட்டு அது; பல தலைமுறைப் பதிப்புகளாக ஒருவர் தனியாக ஆடி வந்தது. 2013 மார்ச்சில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட புதிய பதிப்பு எப்போதும் இணையத்தில் இருக்க வேண்டும் என்றது. முதல் வாரத்தில் சர்வர்கள் தாங்காமல் போக, அமேசான் அதன் டவுன்லோடு விற்பனையைச் சில நாள் நிறுத்தி வைத்தது; வாங்கியவர்களுக்கு நிறுவனம் வேறொரு கேமை இலவசமாகத் தந்தது. கணக்கீடுகளில் கணிசமான பகுதி சர்வரில் நடப்பதால் இணையத்தைத் துண்டிக்கவே முடியாது என்று அதை உருவாக்கியவர்கள் விளக்கம் அளித்தார்கள். சில நாள்களிலேயே ஒருவர் நிரலைத் திருத்தி, சர்வர் இல்லாமலும் நகரம் இயங்குவதைக் காட்டிவிட்டார். சரியாக ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், நிறுவனமே ஆஃப்லைன் முறையை அப்டேட்டாக வெளியிட்டது. முடியாது என்று சொன்னது செய்து காட்டப்பட்ட பிறகு, இதுபோன்ற விளக்கங்களை வாங்குவோர் எளிதில் நம்பாமல் போனதில் வியப்பில்லை.

மூன்றாவது காரணத்தை நிறுவனங்கள் அவ்வளவாக வெளிப்படையாகச் சொல்வதில்லை. இணையத்திலேயே இருக்கும் ஆட்டக்காரருக்கு விளையாட்டுக்குள்ளேயே கடை வைக்கலாம். அவர் எத்தனை மணிக்கு ஆடுகிறார், எந்தக் கட்டத்தில் விட்டுப் போகிறார் என்பதைக் கவனிக்கலாம். புதிய உடை, புதிய கார் என்று மாதந்தோறும் விற்கலாம். கிராண் டூரிஸ்மோ 7 என்ற கார்ப் பந்தய விளையாட்டு 2022 மார்ச்சில் ஓர் அப்டேட்டின் கோளாறால் 30 மணி நேரத்துக்கும் மேலாக முடங்கியபோது, தனியாக ஆடும் பகுதிகளும் பெரும்பாலும் சேர்ந்தே முடங்கின. உங்கள் வீட்டுக் கன்சோலில், உங்கள் டிஸ்கில், கணினியே ஓட்டும் கார்களுக்கு எதிரான பந்தயம், ஜப்பானிய நிறுவனமொன்றின் பராமரிப்புப் பணி முடியும்வரை நின்றது.

நம் ஊரின் நிலைமை

இந்த நிபந்தனைகளை வகுப்பவர்கள், இணையம் குழாய்த் தண்ணீரைவிட ஒழுங்காக வரும் ஊர்களில் இருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. சென்னையில் ஃபைபர் இணைப்பு இன்று பரவலாகக் கிடைக்கிறது, வேகத்திலும் குறையில்லை. ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ சாலையைத் தோண்டும் பகுதியில் கேபிள் அறுந்தால், புகார் எண் மட்டும் கையில் இருக்க, நெட் வருவதற்கு ஒன்றிரண்டு நாளாகும். டிசம்பர் மாதத்தைச் சொல்லவே வேண்டாம். 2016 இல் வர்தா புயல் மரங்களோடு கம்பிகளையும் சாய்த்தது. 2023 இல் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களில் மின்சாரம் வந்த பிறகும் இணையம் வராத வீடுகள் இருந்தன. பள்ளி விடுமுறை, வெளியே முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் பிள்ளைகள். தனியாக ஆடும் கேம் உண்மையில் பயன்படும் நாள் அதுதான். அந்த நாளில்தான் அது 'சர்வரோடு இணைக்க முடியவில்லை' என்கிறது.

செல்போனில் ஆடுவோருக்கு வேறு வகையில் இது தெரிந்த செய்தி. 2020 செப்டம்பரில் அரசு பப்ஜியைத் தடை செய்தது. அக்டோபர் 30 உடன் இந்தியாவுக்கான சேவை நின்றது. செயலி போனிலேயே இருந்தது, ஆட முடியவில்லை. அங்கே முடிவெடுத்தது அரசு, காரணமும் வேறு. சர்வர் நின்றால் கையில் இருக்கும் விளையாட்டு வெறும் கோப்பாகிவிடும் என்பதை நம் பிள்ளைகளில் பலர் முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

சர்வரை நிரந்தரமாக மூடினால்?

தற்காலிகத் தடங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பொருளில் என்னை உண்மையில் வருத்துவது நிரந்தர மூடல்தான். 2014 இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட தி க்ரூ, அமெரிக்க நாட்டையே சுருக்கி வரைந்து அதில் காரோட்டச் செய்த விளையாட்டு. தனியாக ஆடக்கூடிய கதையும் அதில் இருந்தது. 2023 டிசம்பரில் விற்பனை நின்றது. 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டன. அன்றிலிருந்து டிஸ்க் வைத்திருப்பவர்களாலும் அதைத் திறக்க முடியவில்லை. சிலருடைய கணக்கிலிருந்து அதன் உரிமமே நீக்கப்பட்டது. கேரம் போர்டு செய்து விற்றவர் கடையை மூடிவிட்டார் என்பதற்காக வீட்டிலிருக்கும் போர்டில் காய் நகராமல் போவதில்லை. வீடியோ கேமில் மட்டும் அப்படி நடப்பதை நாம் இயல்பாக ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறோம்.

ஏற்க மறுத்தவர்களும் உண்டு. 2024 ஏப்ரலில் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அதையொட்டி ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்வைக்கப்பட்ட குடிமக்கள் கோரிக்கை, 2025 ஜூலையில் தேவையான 10 லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. சர்வரை என்றென்றும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடக்கூடிய நிலையில் விளையாட்டை விட்டுச் செல்லுங்கள் என்பதே கோரிக்கை. அப்படிச் செய்வதற்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது, தனியார் நடத்தும் சர்வர்களில் ஆட்டக்காரர்களுக்குப் பாதுகாப்பு இருக்காது என்று ஐரோப்பிய விளையாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு பதிலளித்தது. பல்லாயிரம் பேர் ஒரே உலகில் உலவும் விளையாட்டுகளுக்கு அந்தப் பதிலில் நியாயம் உண்டு. தனியாக ஆடும் பகுதிக்கு அது பொருந்தாது என்பதை நிறுவனங்களே செய்து காட்டியிருக்கின்றன. கிராண் டூரிஸ்மோ ஸ்போர்ட்டின் சர்வர்களை 2024 ஜனவரி 31 அன்று மூடுவதற்கு முன், தனி ஆட்டத்தை இணையமின்றிச் சேமிக்கும் வகையில் அப்டேட் தரப்பட்டது. நாக்கவுட் சிட்டி என்ற சிறிய விளையாட்டை உருவாக்கிய வேலன் ஸ்டூடியோஸ், 2023 ஜூனில் தம் சர்வரை மூடியபோது, விரும்புவோர் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ளும் பதிப்பை இலவசமாகக் கொடுத்தது. தி க்ரூவின் அடுத்த பாகங்களுக்கு ஆஃப்லைன் முறை தருவதாக யூபிசாஃப்டும் 2024 செப்டம்பரில் அறிவித்தது. மனமிருந்தால் முடிகிறது.

சட்டமும் மெல்ல நகர்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஸ்டீமில் பணம் கட்டும் பக்கத்தில் இப்போது அந்த வாசகம் வருகிறது. நம் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற ஒரு வகையை வரையறுக்கிறது. தக்க காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இடம் தரும் விதிகள் அதில் அடங்கும். அத்தகைய புகார்களை மாநில நுகர்வோர் ஆணையத்தில் தொடுக்கலாம். கேம் உரிமங்களையும் இந்தக் கண்ணோடு படிக்க நம் நுகர்வோர் அமைப்புகள் முன்வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதுவரை வாங்குகிறவர் செய்யக்கூடியவை சில உண்டு. டிஸ்க் உறையின் பின்புறத்தில் இணையம் கட்டாயம் என்ற வரி இருக்கிறதா என்று சீல் பிரிப்பதற்கு முன்பே கடையில் பாருங்கள். பிரித்த டிஸ்கைப் பல கடைகள் திரும்ப வாங்குவதில்லை. ஸ்டீமில் வாங்கினால், விற்பனைப் பக்கத்தின் வலப்புறத்தில் வேறு நிறுவனத்தின் கணக்கும் தேவை என்ற குறிப்பு உண்டா என்று கவனியுங்கள். ஜி.ஓ.ஜி. என்ற கடையில் கிடைக்கும் கேம் என்றால், நிறுவும் கோப்பையே இறக்கி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். அதன் தனி ஆட்டத்துக்குப் பின்னர் யாருடைய சர்வரும் தேவையில்லை. எதுவும் தெளிவாகத் தெரியாவிட்டால் நீங்களே சோதித்துவிடலாம். கேமை ஏற்றி, இணையத்தோடு ஒருமுறை திறந்து மூடுங்கள். பிறகு ஸ்டீமை ஆஃப்லைன் முறைக்கு மாற்றி, வைஃபையை அணைத்துவிட்டு மீண்டும் திறந்து, தனி ஆட்டம் தொடங்குகிறதா, விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா என்று பாருங்கள். வாங்கிய 14 நாள்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும்.